தேவதைகள் கொடுத்ததாக நினைத்த மெட்டு... அது அவருடையதேதான்! யார் இந்த ராபர்ட் ஷூமன்?

காலையில் பஸ்ஸில் ஓடிய ஒரு பாட்டு. முழுசாகக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் ஆபீஸில், சாப்பிடும்போது, ராத்திரி படுத்த பிறகும் அதே இரண்டு வரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தணும்னு நினைத்தால் இன்னும் சத்தமாகக் கேட்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஓர்வுர்ம்' என்று பெயர். நேரடி அர்த்தம், காதுப்புழு. ஆங்கிலத்திலும் அதையே மொழிபெயர்த்து 'இயர்வோர்ம்' என்கிறார்கள். பொதுவாக இது ஒரு சின்னத் தொல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போய்விடும்.

ஆனால் 1854ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில், உலகப் புகழ்பெற்ற ஓர் இசையமைப்பாளரின் தலைக்குள் ஒலிக்க ஆரம்பித்த இசை நிற்கவே இல்லை. முதலில் ஒரே ஒரு சுரம். பிறகு முழு இசை. பிறகு ஒரு மெட்டு. அந்த மெட்டைத் தேவதைகள் தனக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவர் நம்பினார். உண்மையில் அது அவரே சில மாதங்களுக்கு முன்பு எழுதிய மெட்டின் மறு உருவம்.

அவர் பெயர் ராபர்ட் ஷூமன். அவருக்கு என்ன ஆச்சு? நம் தலையில் ஓடும் பாட்டுக்கும் அவர் கேட்ட இசைக்கும் என்ன வித்தியாசம்? விரிவாகப் பார்ப்போம்.

புத்தகக் கடைக்காரர் மகன்

ராபர்ட் ஷூமன் பிறந்தது 1810 ஜூன் 8ஆம் தேதி. ஊர், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள ஸ்விக்காவ். அப்பா ஆகஸ்ட் ஷூமன் புத்தக வியாபாரி, பதிப்பாளர், எழுத்தாளரும்கூட. அதனால் சிறுவன் ராபர்ட்டுக்குப் புத்தகமும் பியானோவும் ஒன்றாகவே கிடைத்தன. எழுத்தாளர் ஆவதா, இசைக்கலைஞர் ஆவதா என்ற குழப்பம் அவருக்கு ரொம்ப காலம் இருந்தது.

டீன் ஏஜ் வயதில் அடுத்தடுத்து அடி விழுந்தது. அக்கா எமிலி தற்கொலை செய்துகொண்டார். 1826இல் அப்பாவும் இறந்துபோனார். அப்போது ராபர்ட்டுக்கு 16 வயது.

இசையை நம்பி வாழ்க்கை நடத்த முடியாது என்று அம்மாவுக்குப் பயம். அதனால் சட்டம் படிக்க லைப்சிக் நகருக்கு அனுப்பினார். நம்ம ஊரில் பையனை இன்ஜினீயரிங் சேர்த்துவிடுவது மாதிரிதான். ராபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் மனசு பியானோவில்தான் இருந்தது.

1830இல் பிராங்க்ஃபர்ட்டில் இத்தாலிய வயலின் மேதை பகானினியின் வாசிப்பைக் கேட்டார். அதே ஆண்டு, சட்டப் படிப்பை விட்டுவிட்டு இசைக்கே போவதாக முடிவெடுத்தார். லைப்சிக்கில் பிரபல பியானோ ஆசிரியர் ஃபிரெட்ரிக் வீக்கிடம் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய மகள் கிளாராவுக்கு அப்போது வயது 11. அந்த வயதிலேயே மேடை ஏறி வாசித்துப் பெயர் வாங்கியிருந்தார்.

விரல் போனது, பேனா வந்தது

பெரிய பியானோ கலைஞர் ஆகணும் என்பதுதான் ஷூமனின் கனவு. ஆனால் 1832 வாக்கில் அவருடைய வலது கை விரல் சரியாக வேலை செய்யாமல் போனது. விரலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு கருவியை அவர் பயன்படுத்தியதாகத் தெரிகிறது. அதுதான் காரணமா, வேறு நோயா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எதுவாக இருந்தாலும், மேடைக் கனவு அதோடு முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1833இல், அண்ணனும் அண்ணியும் சில மாத இடைவெளியில் இறந்தார்கள். ஷூமன் கடும் மனச்சோர்வில் விழுந்தார். தனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் அப்போதுதான் அவரைப் பிடித்தது. அந்தப் பயம் கடைசி வரை விடவில்லை.

ஆனால் எழுந்து வந்தார். 1834இல் ஓர் இசைப் பத்திரிகையைத் தொடங்கி, பல ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். யாருக்கும் அதிகம் தெரியாத காலத்திலேயே ஷோபன் என்ற இளைஞர் மேதை என்று அடையாளம் காட்டியவர் ஷூமன்தான். அதே மாதிரி பின்னாளில் பிராம்ஸையும் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்.

எழுத்துகளில் ஒளிந்திருக்கும் மெட்டு

மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர்கள் உண்டு. ஷூமன் அதை வைத்து விளையாடுவார். ஒரு பெயரில் உள்ள எழுத்துகளை எடுத்து, அவற்றையே சுரங்களாக்கி மெட்டு கட்டுவார்.

அவர் முதன்முதலில் அச்சிட்ட படைப்பே 'அபெக்' என்ற குடும்பப் பெயரின் எழுத்துகளில் இருந்து பிறந்ததுதான். 'கார்னவால்' என்ற பியானோ தொகுப்பில் 'ஆஷ்' என்ற ஊரின் பெயரை ஒளித்து வைத்தார். அப்போது அவர் திருமணம் செய்ய நினைத்திருந்த எர்னஸ்டின் என்ற பெண்ணின் ஊர் அது. அந்த உறவு நீடிக்கவில்லை, இசை மட்டும் நின்றுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று, நான்கு சுரம் கொண்ட சின்னத் துணுக்கு. அதைத் திருப்பித் திருப்பி, கொஞ்சம் மாற்றி, மறுபடி கொண்டுவருவது. தலைக்குள் ஒட்டிக்கொள்ளும் பாட்டுகளும் இப்படித்தான் இருக்கும். ஷூமனின் மூளை சாதாரண நாளிலேயே இப்படித்தான் வேலை செய்தது.

கோர்ட் வரை போன காதல்

கிளாரா வளர்ந்தார். இருவரும் காதலித்தார்கள். குரு ஃபிரெட்ரிக் வீக்குக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வருமானம் இல்லாத, குடிப்பழக்கம் உள்ள, மனநிலை நிலையில்லாத ஆளுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் காதலர்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கில் வென்றார்கள். 1840 செப்டம்பர் 12ஆம் தேதி திருமணம். மறுநாள்தான் கிளாராவுக்கு 21 வயது.

அந்த ஒரே ஆண்டில் ஷூமன் எழுதிய பாடல்கள் 130க்கும் மேல்! அடுத்த ஆண்டு ஜனவரியில் தன் முதல் சிம்பொனியின் வரைவை நான்கே நாளில் முடித்தார். மார்ச்சில் மெண்டல்சன் நடத்த, லைப்சிக்கில் அது அரங்கேறியது.

தலைக்குள் இசை வந்துவிட்டால் தூக்கம், சாப்பாடு எல்லாம் அப்புறம்தான். ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு விலையும் இருந்தது. வேகமாக எழுதிய மாதங்களைத் தொடர்ந்து எதுவுமே எழுத முடியாத மாதங்கள் வரும். 1844இல் பெரிய உடல், மனச் சரிவு ஏற்பட்டு குடும்பத்தோடு டிரெஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இருந்த காலத்தில் காதில் இரைச்சல் கேட்பதாகவும் அவதிப்பட்டார்.

கிளாராவின் நிலைமை இன்னும் கஷ்டம். ஐரோப்பாவே கொண்டாடிய பியானோ கலைஞர் அவர். மொத்தம் 8 குழந்தைகள் பெற்றார். கணவர் எழுதும்போது சத்தம் போடக்கூடாது என்பதால் பல நாள் அவரால் வீட்டில் பயிற்சி செய்யவே முடியாது. ஆனாலும் கச்சேரி வருமானத்தில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

டுசல்டார்ஃப்: கடைசி வேலை

1850இல் டுசல்டார்ஃப் நகரத்தின் இசை இயக்குநர் பதவி கிடைத்தது. ரைன் நதிக்கரை நகரம். தடபுடலான வரவேற்பு. அந்த உற்சாகத்தில் எழுதியதுதான் 'ரெனிஷ்' சிம்பொனி.

ஆனால் இசை எழுதுவது வேறு, இசைக்குழுவை நடத்துவது வேறு. ஷூமன் அதிகம் பேசாதவர். ஒத்திகையில் யோசனையில் மூழ்கிவிடுவார். பாடகர்களும் குழுவினரும் பொறுமை இழந்தார்கள். 1853 இறுதியில், பெரும்பாலான நிகழ்ச்சிகளை உதவி நடத்துநர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட வேலை போன மாதிரிதான்.

அதே 1853இல் அவருக்கு ஒரு புது ஆர்வம் வந்தது. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி மேசையைத் தட்டும் விளையாட்டு அப்போது ஐரோப்பாவில் ஃபேஷன். ஷூமன் அதில் தீவிரமாக இறங்கினார். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத் தாளத்தைத் தட்டச் சொல்லி மேசையிடமே கேட்டார். மேசை தட்டியதாக நம்பவும் செய்தார்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. ஒன்று, 20 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயர் யோஹன்னஸ் பிராம்ஸ். வாசித்துக் காட்டியதைக் கேட்டு ஷூமன் அசந்துபோனார். உடனே அவரைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார்.

இரண்டாவது, இளம் வயலின் கலைஞர் யோசஃப் யோகிமுக்காக ஒரு வயலின் கான்செர்ட்டோவை இரண்டே வாரத்துக்குள் எழுதி முடித்தார். அதன் நடுப்பகுதியில் மெதுவாக நகரும் ஒரு மெட்டு வரும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பிப்ரவரி 1854: அந்த 17 நாட்கள்

பிப்ரவரி 10ஆம் தேதி ராத்திரி. ஷூமனின் காதில் ஒரே ஒரு சுரம் ஒலிக்க ஆரம்பித்தது. 'ஏ' சுரம். மேற்கத்திய இசைக்குழுக்கள் கச்சேரிக்கு முன் எல்லா வாத்தியத்தையும் சுருதி சேர்ப்பது இந்தச் சுரத்தில்தான். அது நிற்கவில்லை. தூக்கம் போனது.

அடுத்தடுத்த நாட்களில் அந்த ஒற்றைச் சுரம் பெருகியது. சுரங்கள் சேர்ந்து இசையானது. பூமியில் கேட்டிராத அழகான இசையை முழு வாத்தியக் குழுவோடு கேட்பதாக அவர் வீட்டில் சொன்னார். அவர் அனுபவித்த இன்பத்துக்கும் அவர் பட்ட வேதனைக்கும் இடையில் கிளாரா தவித்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து, நடந்த ஒவ்வொன்றையும் டைரியில் எழுதி வைத்தார். அன்று நடந்தது நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அந்த டைரிதான்.

பிப்ரவரி 17ஆம் தேதி இரவு ஷூமன் படுக்கையில் இருந்து எழுந்தார். ஒரு மெட்டை எழுதினார். தேவதைகள் பாடிக் காட்டியதாகச் சொன்னார். இறந்துபோன இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ஆவி அனுப்பியது என்றும் நண்பர்களிடம் சொன்னதாகத் தெரிகிறது.

விடிந்ததும் எல்லாம் தலைகீழாக மாறியது. தேவதைகள் பேய்களானார்கள். புலியும் கழுதைப்புலியும் தன்மேல் பாய வருவதாக அலறினார். டாக்டர்கள் வந்தும் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

கொஞ்சம் தெளிந்த நேரங்களில் அவர் செய்தது ஒன்றுதான். அந்த மெட்டை எடுத்துவைத்து, அதன்மேல் விதவிதமான மாற்று வடிவங்களை எழுத ஆரம்பித்தார். மொத்தம் ஐந்து.

26ஆம் தேதி, தன்னை மனநல விடுதிக்கு அனுப்பும்படி அவரே கேட்டார். வீட்டில் இருந்தால் கிளாராவுக்கு ஏதாவது தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு.

மறுநாள் 27ஆம் தேதி, திங்கட்கிழமை. ஊரே கார்னிவல் கொண்டாட்டத்தில் இருந்தது. மழை வேறு. ஷூமன் அந்த மாற்று வடிவங்களைச் சுத்தமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். கிளாரா டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 12 வயது மூத்த மகள் மேரிக்கு. ஒரு நிமிடம்தான். வீட்டு உடையிலேயே ஷூமன் வெளியே போய்விட்டார்.

ரைன் நதிப் பாலத்தில் நடக்கச் சுங்கம் கட்ட வேண்டும். கையில் காசு இல்லாததால் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார் என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்து ஆற்றில் குதித்தார். படகில் இருந்தவர்கள் பார்த்துக் காப்பாற்றினார்கள். கார்னிவல் கூட்டத்துக்கு நடுவே அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

மார்ச் 4ஆம் தேதி, பான் நகருக்குப் பக்கத்தில் எண்டெனிக் என்ற இடத்தில் உள்ள மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். கிளாரா அப்போது கர்ப்பிணி. ஜூன் மாதம் பிறந்த கடைசி மகன் ஃபெலிக்ஸை ஷூமன் பார்க்கவே இல்லை.

அந்த மெட்டு உண்மையில் யாருடையது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தேவதைகள் கொடுத்ததாக ஷூமன் நம்பிய மெட்டை எடுத்து, சில மாதம் முன்பு அவர் எழுதிய வயலின் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெளிவாகத் தெரியும். 1842இல் அவர் எழுதிய ஒரு தந்தி வாத்தியப் படைப்பிலும் அதன் சாயல் இருப்பதாக இசை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள்.

அதாவது அந்த மெட்டு பல வருடமாக அவருக்குள்ளேயே இருந்தது. அவ்வப்போது வெளியே வந்தது. கடைசி முறை வந்தபோது, அது தன்னுடையது என்ற ஞாபகம் மட்டும் கூட வரவில்லை.

இது ஷூமனுக்கு மட்டும் நடப்பதில்லை. ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்கும், ஆனால் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும். புதுசாகத் தோன்றியதாகவே நினைப்போம். உளவியலில் இதற்கு 'கிரிப்டோம்னீசியா' என்று பெயர்.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, பழைய பாட்டு ஒன்றின் மெட்டைத் தன்னை அறியாமல் எடுத்துக்கொண்டது என்று 1976இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு நடந்தது நேரெதிர். 'யெஸ்டர்டே' மெட்டு தூக்கத்தில் வந்தது. யாருடைய பாட்டையோ எடுத்துவிட்டோமோ என்று பயந்து, பல பேரிடம் பாடிக்காட்டிக் கேட்டார். கடைசியில் அது அவருடையதேதான்.

மெக்கார்ட்னிக்குச் சந்தேகம் வந்தது, விசாரித்தார். நோயின் பிடியில் இருந்த ஷூமனுக்கு அந்தச் சந்தேகப்படும் சக்தியே போய்விட்டிருந்தது.

நம்ம தலையில் ஓடுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

தலைக்குள் பாட்டு ஓடுவது மிக மிக சாதாரணம். ஆய்வுகளில் 10 பேரில் 9 பேர் வாரம் ஒருமுறையாவது இது நடப்பதாகச் சொல்கிறார்கள். நன்றாகத் தெரிந்த பாட்டை ஒலிக்கவிட்டு நடுவில் சத்தத்தை நிறுத்தினால், கேட்பவரின் மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி தொடர்ந்து இயங்குவதை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். பாட்டு நின்றாலும் மூளை பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

எந்தப் பாட்டு ஒட்டும்? பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுப்படி, கொஞ்சம் வேகமான தாளம், ஏறி இறங்கும் எளிமையான மெட்டு, அதில் எங்கேயாவது ஒரு எதிர்பாராத தாவல். இது மூன்றும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் அதிகமாகக் குறிப்பிட்ட பாட்டு, லேடி காகாவின் 'பேட் ரொமான்ஸ்'.

ஆனால் பாட்டு எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், அது தலைக்குள்தான் ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். வெளியே ஸ்பீக்கர் எதுவும் இல்லை என்று தெரியும். ஷூமனுக்கு நடந்தது அது இல்லை. அவருக்கு இசை வெளியே இருந்து, காது வழியாக, நிஜமாகவே கேட்டது. மருத்துவத்தில் இதை இசை மாயொலி என்று சொல்லலாம்.

இசை மாயொலி கேட்டாலே மனநோய் என்றும் அர்த்தம் இல்லை. காது கேட்கும் திறன் குறையும்போது சில முதியவர்களுக்குப் பழைய பாட்டுகள் நிஜமாக ஒலிப்பது போலக் கேட்கும். வெளியில் இருந்து வரும் ஒலி குறைந்ததும் மூளை தானாகவே இட்டு நிரப்புகிறது. வீட்டில் தாத்தா, பாட்டி யாராவது பக்கத்து வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டு போடுகிறார்கள் என்று சொன்னால், கேலி செய்யாமல் முதலில் காது டாக்டரிடம் அழைத்துப் போவது நல்லது. காது கேட்கும் கருவி போட்டதும் பலருக்கு இது குறைகிறது.

குரல்கள் கட்டளை போடுவது போலக் கேட்டாலோ, பயம், தூக்கமின்மை, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் கூடவே வந்தாலோ தாமதிக்கவே கூடாது. உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாதாரணமாக ஒட்டிக்கொண்ட பாட்டை விரட்ட என்ன செய்யலாம்?

முழுப் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாதியில் நிற்கும் விஷயத்தை மூளை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் முழுசாகக் கேட்டால் அடங்குவதாகப் பலர் சொல்கிறார்கள்.

சூயிங்கம் மெல்லுங்கள். மனசுக்குள் பாடும்போது வாய், நாக்கை இயக்கும் மூளைப் பகுதிகளும் வேலை செய்கின்றன. வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு குறைவதாக பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

அளவான கஷ்டமுள்ள புதிர் ஒன்றைப் போடுங்கள். ரொம்ப சுலபமாக இருந்தால் பாட்டு திரும்பி வரும். ரொம்ப கஷ்டமாக இருந்தால் மனசு விலகிப்போய் அப்போதும் திரும்பி வரும்.

யோசிக்கக் கூடாது என்று மட்டும் முயற்சி செய்யாதீர்கள். அது எதிர்மாறாகத்தான் வேலை செய்யும்.

எண்டெனிக்கில் இரண்டரை ஆண்டுகள்

ஷூமன் காலத்தில் மனநலச் சிகிச்சை என்றால் ஓய்வு, தனிமை, கண்காணிப்பு, அவ்வளவுதான். மனைவியைப் பார்த்தால் பதற்றம் கூடும் என்று டாக்டர்கள் கருதியதால் கிளாரா வர அனுமதி இல்லை. பிராம்ஸும் யோகிமும் போய்ப் பார்த்தார்கள். கொஞ்ச காலம் கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் நின்றது.

கிளாராவுக்கு அழுது உட்கார நேரம் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற மறுபடி கச்சேரிக்குக் கிளம்பினார். அந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் இளைஞர் பிராம்ஸ்.

1856 ஜூலை 27ஆம் தேதி, நிலைமை மோசம் என்று தெரிந்து கிளாரா எண்டெனிக் போனார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு கணவரைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 29ஆம் தேதி ஷூமன் இறந்தார். வயது 46தான்.

அவருக்கு இருந்தது என்ன நோய்? இளம் வயதில் வந்த சிபிலிஸ் நோய் பிற்காலத்தில் மூளையைப் பாதித்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இருமுனை மனநிலைக் கோளாறு என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே இருந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

பூட்டி வைக்கப்பட்ட இசை

ஷூமன் கடைசியாக எழுதிய அந்த ஐந்து மாற்று வடிவங்களை கிளாரா தன் வாழ்நாளில் அச்சிட விடவில்லை. நோயின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்ற தயக்கம் அவருக்கு. மெட்டை மட்டும் 1893இல் பிராம்ஸ் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1861இல், அதே மெட்டை வைத்து நாலு கை பியானோவுக்குத் தன் சொந்தப் படைப்பை எழுதி, ஷூமனின் மகள் யூலிக்குச் சமர்ப்பித்திருந்தார். ஷூமனின் மூலப் படைப்பு முழுதாக அச்சானது 1939இல்தான்.

வயலின் கான்செர்ட்டோவின் கதை இன்னும் விசித்திரம். கிளாரா, யோகிம், பிராம்ஸ் மூவருமே அதை வெளியே விட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்துக்குப் போனது. ஷூமன் இறந்து 100 ஆண்டு ஆகும்வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை.

ஆனால் 1933இல் யோகிமின் பேத்தி முறையான வயலின் கலைஞர் ஒருவர், ஷூமனின் ஆவியே வந்து அந்தப் படைப்பைக் கண்டுபிடித்து வாசிக்கச் சொன்னதாக லண்டனில் அறிவித்தார்! அதன்பின் பல இழுபறி. கடைசியில் 1937 நவம்பர் 26ஆம் தேதி பெர்லினில் அது முதன்முறையாக மேடையேறியது. எழுதி 84 ஆண்டுக்குப் பிறகு. அடுத்த மாதமே யெஹூதி மெனுஹின் அதை அமெரிக்காவில் வாசித்தார்.

இன்று ஷூமன் எங்கே?

பியானோ கற்கும் குழந்தைகளின் ஆரம்பப் பாடத்தில் வரும் 'ஹேப்பி ஃபார்மர்' அவருடையது. தன் பிள்ளைகளுக்காக 1848இல் அவர் எழுதிய தொகுப்பில் உள்ள சின்னத் துணுக்கு அது. 1838இல் எழுதிய 'ட்ராய்மெரை', அதாவது கனவு, இன்றும் உலகில் அதிகம் வாசிக்கப்படும் பியானோ படைப்புகளில் ஒன்று. பெயர் தெரியாமலே பலர் அதைக் கேட்டிருப்பார்கள்.

கிளாரா அதன்பின் 40 ஆண்டு வாழ்ந்தார். கணவரின் படைப்புகளை ஐரோப்பா முழுக்க வாசித்துப் பரப்பினார். முழுத் தொகுப்பையும் பதிப்பித்தார். 1896இல் இறந்தார். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் இருந்தது அவருடைய படம்தான்.

பேய்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே ஷூமன் எழுதிய அந்தக் கடைசிப் படைப்பை இப்போது யார் வேண்டுமானாலும் போனிலேயே கேட்கலாம். சுமார் பத்து நிமிடம்தான். அலறலோ ஆர்ப்பாட்டமோ எதுவும் இல்லாத, ரொம்ப அமைதியான இசை அது.

(தற்கொலை எண்ணம் எதற்கும் தீர்வாகாது. மனஉளைச்சல் இருந்தால் மத்திய அரசின் டெலி மனாஸ் இலவச உதவி எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 ஆகியவற்றை அழைத்துப் பேசலாம்.)